களிமண்ணில் பழகும் கைகள்: நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் மண்பாண்டப் பயிற்சி குறித்து ஓர் அறிமுகம்

நெடுநாள் நோயுற்றிருப்பவரின் கைகளுக்கு வேலை குறைந்துவிடுகிறது. ஊசி ஏற்றுவதற்கும் நாடி பார்ப்பதற்கும் இரத்த அழுத்தம் அளப்பதற்கும் பிறரிடம் நீட்டப்படும் உறுப்பாகவே அவை நாளடைவில் ஆகிவிடுகின்றன. நேற்றுவரை சமைத்த கை, தறியில் ஓடிய கை, கணக்கெழுதிய கை, பேரக்குழந்தையைத் தூக்கிய கை, இன்று ஒரு குவளை நீரையும் பிறர் தர வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. நோயின் வலி ஒருபுறம் இருக்க, இனித் தம்மால் எதுவும் ஆகாது என்னும் எண்ணமும் ஒருவரைத் தளர்த்துகிறது.

மறுவாழ்வு மையங்களிலும் மனநல நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் களிமண் வேலை கற்பிக்கப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம். களிமண்ணின் முன் அமர்பவர் சிறிது நேரமேனும் பெறுபவராக இல்லாமல் செய்பவராக இருக்கிறார். அப்பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது, உடலுக்கும் மனத்துக்கும் அதனால் விளைவது என்ன, யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், உடனிருப்போர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. களிமண் வேலை நோயைத் தீர்க்கும் மருந்தன்று. மருத்துவர் எழுதித் தந்த மருந்துக்கோ, இயன்முறைச் சிகிச்சைக்கோ, மனநல ஆலோசனைக்கோ இதனை மாற்றாகக் கொள்ளலாகாது. அவற்றோடு சேர்ந்து நடைபெறும் ஒரு துணைப் பயிற்சியே இது.

மருத்துவமனைக்குள் வந்த மண்பாண்டக் கலை

நோயாளிகளுக்கு மண்பாண்டத் தொழிலைக் கற்பிக்கும் முயற்சி நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்பிள்ஹெட் என்னும் கடற்கரை ஊரில், ஹெர்பர்ட் ஹால் என்ற மருத்துவர் 1904ஆம் ஆண்டில் தம் நோயாளிகளுக்காக ஒரு மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். நரம்புத் தளர்ச்சியுற்றோருக்கு அக்காலத்தில் முழு ஓய்வே மருந்தெனக் கருதப்பட்டது. அளவான கைவேலை ஓய்வைவிட மிகுந்த பயன் தரும் என்பது ஹாலின் கருத்து. அவருடைய முயற்சி பின்னாளில் செயல்வழிச் சிகிச்சை என்னும் துறை உருவாவதற்குத் துணை செய்தவற்றுள் ஒன்று. ஆயினும் அப்பட்டறை சில ஆண்டுகளிலேயே சிகிச்சையிலிருந்து பிரிந்து, தேர்ந்த கைவினைஞர்கள் நடத்தும் வணிக நிறுவனமாக மாறியது. விற்பனைக்கேற்ற நேர்த்தியும் நோயாளியின் இயல்பான வேகமும் ஒரே இடத்தில் எளிதில் பொருந்துவதில்லை என்பதை அதிலிருந்து அறியலாம்.

1911ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் அரெக்கீபா என்னும் காசநோய் மருத்துவ இல்லம் உழைக்கும் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நோயுற்றோர் மாதக்கணக்கில் நல்ல காற்றும் உணவும் ஓய்வுமே சிகிச்சையாகக் காலம் கழிக்க வேண்டியிருந்தது. அந்தச் சோர்வைப் போக்கவும், சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை அவர்களே ஈட்டவும் அங்கு ஒரு மண்பாண்டப் பட்டறை அமைக்கப்பட்டது. மண்ணைச் சுமப்பது, சக்கரத்தில் வனைவது போன்ற கடும் வேலைகளைப் பிறர் பார்த்துக்கொண்டனர். பாண்டங்களின்மேல் இலைகளையும் பூக்களையும் வரைந்து அலங்கரிக்கும் வேலையை நோயுற்ற பெண்கள் செய்தனர். 1918ஆம் ஆண்டு வரை இயங்கிய அப்பட்டறையின் பாண்டங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. நோயாளியின் வலிமைக்கேற்ப வேலையைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற அவ்வில்லத்தின் நெறியை இன்றைய பட்டறைகளும் பின்பற்றலாம்.

களிமண்ணின் இயல்பு

பாறைகள் நெடுங்காலம் சிதைந்து உண்டான மிக நுண்ணிய துகள்களின் தொகுதியே களிமண். அத்துகள்கள் தட்டையான ஏடுகளைப் போன்றவை. அவற்றின் இடையே நீர் மெல்லிய படலமாகப் படியும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அழுத்தம் நின்றதும் நகர்ந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. விரல் அழுத்திய வடிவத்தைக் களிமண் அப்படியே ஏற்றுக்கொள்வதன் காரணம் இதுதான்.

பிசைந்த மண்ணில் செய்த பொருள் சில படிகளைக் கடந்து பாண்டமாகிறது. முதலில் குழைந்த நிலை. இதில் எவ்வடிவமும் கொடுக்கலாம். ஓரிரு நாள் நிழலில் காய்ந்தபின் தோல்போல் விறைத்த பதம் வருகிறது. கைப்பிடி ஒட்டுவதற்கும் கோலம் கீறுவதற்கும் இதுவே ஏற்றது. அதன்பின் முழுதும் உலர்ந்த நிலை. அப்போது நிறம் வெளுத்துப் பொருள் எளிதில் நொறுங்கும். இந்நிலையில்கூட அதனை நீரில் போட்டால் கரைந்து மீண்டும் களிமண்ணாகிவிடும்.

இறுதியாகச் சூளை. வெப்பம் சுமார் 450 பாகை செல்சியசைக் கடந்து 600 பாகையை எட்டுவதற்குள், மண்ணின் உள்ளமைப்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதற்குப்பின் அது களிமண்ணாகத் திரும்புவதில்லை. பட்டறைகளில் சுடுமண் பொருட்களைப் பொதுவாக 900 முதல் 1,000 பாகை வரை சுடுவர். காய்ந்து வேகும்போது மண்ணின் வகைக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை பொருள் சுருங்கும்.

நோயாளிக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. சூளைக்குள் செல்லும்வரை களிமண்ணில் எதுவும் முடிந்துபோவதில்லை. கை நடுங்கி வளைந்த விளிம்பை மீண்டும் நிமிர்த்தலாம். பிடிக்காத கிண்ணத்தை உருட்டி மீண்டும் உருண்டையாக்கலாம். ஒரு தாளையும் வண்ணத்தையும் வீணாக்கிவிட்டோம் என்ற அச்சம் இங்கு எழுவதில்லை.

பட்டறையில் நடைபெறுவது

நோயாளிகளுக்கான பட்டறையில் ஒரு வேளைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் போதுமானது. ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாக அமர்வது நல்லது. தேர்ந்த குயவர் ஒருவரும், செயல்வழிச் சிகிச்சையாளர் அல்லது இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரும் சேர்ந்து நடத்தினால் கலையும் பாதுகாப்பும் ஒருங்கே அமையும்.

முதல் வேளையில் பாண்டம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கையளவு மண்ணைப் பிசைந்து, உருட்டி, தட்டி, அதன் குளிர்ச்சியையும் கனத்தையும் அறிவதே பாடம். அடுத்துக் கிண்ணம் செய்யக் கற்பிப்பர். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டையை ஒரு கையில் ஏந்தி, மற்றக் கையின் கட்டைவிரலை நடுவில் அழுத்தி, மண்ணை மெல்லத் திருப்பியவாறு சுவரை மெலிதாக்க வேண்டும். கொழுக்கட்டைக்குச் செப்புச் செய்து பழகிய கைக்கு இது புதிய வித்தையன்று. அக்கிண்ணத்தின் விளிம்பை ஓரிடத்தில் கிள்ளினால் அகல் விளக்காகிவிடும். பெரும்பாலோர் முதலில் முழுமையாகச் செய்து முடிக்கும் பொருள் அகலாகவே இருப்பது நல்லது. சிறியது, பயன்படுவது, யாவரும் அறிந்த வடிவமுடையது.

அதன்பின் மண்திரி. மண்ணை உள்ளங்கையால் பலகைமேல் உருட்டிக் கயிறாக்கி, வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுவர் எழுப்பும் முறை இது. ஒட்டும் இடங்களைக் குச்சியால் கீறி, குழம்பாகக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். இதனைச் செய்யாவிட்டால் காயும்போது திரிகள் பிரிந்துவிடும். மூன்றாவது முறை மண்தகடு. சப்பாத்திக் கட்டையால் மண்ணைத் தேய்த்துத் தகடாக்கி, வெட்டி ஒட்டித் தட்டும் பெட்டியும் செய்யலாம். இருபுறமும் ஒரே கனமுள்ள மரச்சட்டங்களை வைத்து அவற்றின்மேல் கட்டையை உருட்டினால் தகடு சீராக அமையும். கையின் வலிமை குறைந்தவருக்கு இது பெரிதும் உதவும்.

சுவரின் கனம் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் இருப்பது நல்லது. கனத்த பொருளின் உள்ளே தங்கிய ஈரம் சூளையில் நீராவியாகி அதனை வெடிக்கச் செய்யும். பிறருடைய பொருட்களும் அதனால் உடைய நேரும் என்பதால், உருவப் பொம்மைகளை உட்புறம் குடைந்த பின்னரே உலர்த்துவர்.

சுழலும் சக்கரம் பலரையும் ஈர்ப்பது. எனினும் அது இறுதியில் வருவதே முறை. சுழலும் மண்ணை நடுவில் நிலைநிறுத்துவதற்கு நிமிர்ந்து அமரும் வலிமையும், இரு கைகளின் ஒத்திசைவும், முழங்கையைத் தொடையில் ஊன்றிப் பிடிக்கும் உறுதியும் வேண்டும். அவை இல்லாதவருக்குச் சக்கரம் ஏமாற்றத்தையே தரும். அவர்கள் கையால் வனையும் முறையிலேயே தொடரலாம். அதனைக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களின் முன் நிற்கும் பெரிய சுடுமண் குதிரைகள், பகுதி பகுதியாகக் கையால் எழுப்பி இணைக்கப்படுபவை.

கைக்கும் மனத்துக்கும்

பிசைதல், உருட்டுதல், கிள்ளுதல், தட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் கையின் வெவ்வேறு தசைகளுக்கு வேலை தருகின்றது. கிள்ளுவதில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிர் அழுத்தப் பழகுகின்றன. சட்டைப் பொத்தான் மாட்டுவதற்கும் மாத்திரையை உறையிலிருந்து எடுப்பதற்கும் வேண்டிய அசைவு இதுவே. திரி உருட்டுவதில் தோளும் முழங்கையும் சேர்ந்து நீள்கின்றன. கிண்ணத்தை ஒரு கை தாங்க மறு கை வனைவதில், பக்கவாதத்துக்குப்பின் ஒதுக்கி வைக்கப்பட்ட கையும் தாங்கும் கையாகவேனும் பணிக்குத் திரும்புகிறது.

பயிற்சிக் கூடத்தில் பந்தை ஐம்பது முறை அழுத்தச் சொன்னால் சலிப்பு வரும். அதே அசைவு ஒரு கிண்ணத்தின் சுவராகும்போது எண்ணிக்கை நினைவுக்கு வருவதில்லை. அழுத்தம் மிகுந்ததா குறைந்ததா என்பதைக் களிமண் உடனே காட்டிவிடுவதால், யாரும் திருத்தாமலே கை தன்னைத் திருத்திக்கொள்ளப் பழகுகிறது.

மனநலம் சார்ந்து சில ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுச் சித்திரம் ஆகியவற்றில் விரும்பியதைச் செய்தனர். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்னும் இயக்குநீரின் அளவு உமிழ்நீரில் குறைந்திருந்தது. கலையில் முன்பயிற்சி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனினும் அவர்கள் உடல்நலமுள்ளோர் என்பதையும், எண்ணிக்கை சிறிது என்பதையும் கருத வேண்டும். ஹாங்காங்கில் மனச்சோர்வு நோய்க்காகச் சிகிச்சை பெற்றுவந்த 106 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு வாரம் களிமண்வழிக் கலைச் சிகிச்சை பெற்ற குழுவினரின் மனச்சோர்வு, பொதுவான ஓவியப் பயிற்சி பெற்ற குழுவினருடையதைவிட மிகுதியாகக் குறைந்தது. இவை நம்பிக்கை தரும் தொடக்கங்கள். இவற்றைக் கொண்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாரும் கருதலாகாது.

உடல்நிலைக்கேற்ற மாற்றங்கள்

பக்கவாதத்தால் விரல்கள் இறுக மடங்கியிருப்பவர், மண்ணை அழுத்திப் பிடிப்பதையே தொடர்ந்து செய்தால் இறுக்கம் மிகக்கூடும். அவர் உள்ளங்கையை விரித்து மண்ணைத் தட்டையாக்குவதும் தகடு தேய்ப்பதும் பொருத்தமானவை. எவ்வசைவு ஏற்றது என்பதைச் சிகிச்சையாளர் நேரில் பார்த்தே கூற வேண்டும்.

மூட்டு வாதம் உள்ளோர்க்கு மண் மென்மையாக இருக்க வேண்டும். பிசையும் வேலையைப் பிறர் முன்னரே செய்து தரலாம். வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்தினால் விரல்களுக்கு இதமாக இருக்கும். மூட்டுகள் வீங்கிச் சிவந்திருக்கும் நாட்களில் இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும். கருவிகளின் கைப்பிடியில் துணியோ சைக்கிள் டியூபோ சுற்றிப் பருமனாக்கினால் பிடிப்பது எளிதாகும்.

நடுக்கம் உள்ளோர் முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொள்ளலாம். நுண்ணிய வேலைப்பாட்டைவிடத் திரி உருட்டுதல் போன்ற பெரிய, சீரான அசைவுகள் அவர்களுக்கு உகந்தவை. ஒரே கையால் வேலை செய்வோர்க்குப் பலகையின்கீழ் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. பார்வை குறைந்தோர்க்கு இக்கலையில் தனித்த தடை ஏதுமில்லை. சுவரின் கனத்தையும் விளிம்பின் சமத்தையும் தேர்ந்த குயவரும் விரலாலேயே அளக்கிறார்.

எச்சரிக்கைகள்

கீழ்க்காணும் நிலைகளில் உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே களிமண்ணைத் தொட வேண்டும்.

* புற்றுநோய்க்கான மருந்தேற்றச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்தோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர்.
* கையில் புண், தோல் வெடிப்பு, தீக்காயம் உள்ளோர்; சிரை ஊசிக்குழாய் பொருத்தப்பட்டிருப்போர்.
* மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப்பின் கைவீக்கம் உள்ளோர். கடும் பிசைதலும் சிறு வெட்டுக்காயமும் அவர்களுக்குத் தீங்காகலாம்.
* டயாலிசிஸ் பெறுவோர். ஃபிஸ்டுலா உள்ள கையில் பாரமும் நேரடி அழுத்தமும் விழலாகாது.
* நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டோர்.
* ஆஸ்துமா முதலிய நுரையீரல் நோய் உள்ளோர்.

நீரிழிவு நோயாளிகள் தனியே ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்று உண்டாகிறது. தென்னிந்தியாவில் காணப்படும் இத்தொற்று, நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளோரையே மிகுதியாகத் தாக்குகிறது. தோலில் உள்ள காயம் அது உடலுக்குள் நுழையும் வழிகளுள் ஒன்று. ஆகவே குளத்திலும் வயலிலும் எடுத்த பச்சை மண்ணை அவர்கள் வெறுங்கையால் பிசைய வேண்டாம். கடைகளில் பொதிந்து விற்கப்படும் பதப்படுத்திய களிமண்ணைப் பயன்படுத்துவதும், கையுறை அணிவதும், காயத்தை நீர் புகாத கட்டால் மூடுவதும் வேண்டும். மண் வேலைக்குப்பின் காய்ச்சல் வந்தால், மண்ணைக் கையாண்டதையும் மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள்.

ஈரமான களிமண்ணிலிருந்து தூசி எழுவதில்லை. காய்ந்த மண்ணின் தூசியில் சிலிக்கா என்னும் பொருள் உள்ளது. நெடுங்காலம் சுவாசித்தால் அது நுரையீரலைப் பழுதாக்கும். எனவே மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. காய்ந்த பொருளை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை நோயாளிகளுக்கு உரியதன்று. ஈயம் கலந்த பளபளப்புப் பூச்சு உள்ள கலத்தில் உண்ணலாகாது. அலங்கார வண்ணம் பூசியவற்றைப் பார்வைக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். மறதிநோய் உள்ளோரும் சிறு குழந்தைகளும் மண்ணை வாயிலிடக்கூடும் என்பதால் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

உடனிருப்போர் கவனத்திற்கு

நோயாளி கிண்ணம் செய்யத் திணறும்போது, அதனை வாங்கிச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று உடனிருப்போருக்குத் தோன்றுவது இயல்பே. அன்பினால் எழும் அந்த எண்ணத்தைச் சற்று அடக்கிக்கொள்வதுதான் இங்கு அவர்கள் செய்யும் பெரிய உதவி. நோயாளியின் உணவையும் உடையையும் மருந்தையும் பிறரே தீர்மானிக்கும் நாட்களில், கிண்ணத்தின் விளிம்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதையாவது அவரே தீர்மானிக்கட்டும்.

நல்ல ஆசிரியர் மாணவரின் பாண்டத்தில் கை வைப்பதில்லை. தம்மிடம் உள்ள வேறொரு மண்ணில் செய்து காட்டுவார். உடனிருப்போரும் அவ்வாறே தமக்கெனச் சிறிது மண்ணை எடுத்துக்கொண்டு அருகில் அமரலாம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வனையும்போது, பார்த்துக்கொள்பவர், பார்த்துக்கொள்ளப்படுபவர் என்னும் வேறுபாடு சிறிது நேரம் மறைகிறது. மாதக்கணக்கில் தூக்கமிழந்து பணிவிடை செய்பவருக்கும் அந்த ஒரு மணி நேரம் தேவையானதே.

பாராட்டும்போது "அருமை, அருமை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த விளிம்பு போன வாரத்தைவிட மெலிதாக வந்திருக்கிறது" என்று கண்டதைச் சொல்லுங்கள். களைப்போ வலியோ மூச்சிரைப்போ தெரிந்தால், பாதியில் நிற்கும் பொருளை ஈரத்துணியால் போர்த்தி நெகிழித்தாளில் பொதிந்து வையுங்கள். அடுத்த வாரம் வரை அது காத்திருக்கும்.

ஊர் கூடிச் செய்யும் கலை

தனியாகச் செய்யும் கிண்ணத்துக்கு அடுத்த படி, பலர் சேர்ந்து செய்யும் படைப்பு. தமிழ்நாட்டில் இது பழைய வழக்கம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் விழாவுக்கு முன், ஊரார் ஒரு பிடி மண்ணை வேளார் எனப்படும் குயவரிடம் கொடுப்பர். பிடிமண் கொடுத்தல் என்னும் அச்சடங்குக்குப் பின்னரே குதிரைகள் செய்யத் தொடங்குவர். செய்து முடித்த புரவிகளை ஊரே சேர்ந்து ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டு செல்லும். நோய் நீங்க வேண்டிக்கொண்டவர்கள் கை, கால், குழந்தை வடிவில் மண் உருவாரங்களைச் செலுத்தும் வழக்கமும் உண்டு. உடல் நலிவையும் நம்பிக்கையையும் நம் முன்னோர் மண்ணில் வடித்து ஊரார் முன் வைத்திருக்கின்றனர்.

பிற நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1990ஆம் ஆண்டில் ஜான் ஹார்ட்டம், லிசா பிளாக்பர்ன் ஆகிய இருவர் 'வெற்றுக் கிண்ணங்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். மாணவர்கள் செய்த கிண்ணங்களில் விருந்தினருக்கு எளிய சூப்பும் ரொட்டியும் வழங்கப்பட்டன. திரட்டிய பணம் பசித்தோருக்கு உணவளிக்கும் பணிக்குச் சென்றது. விருந்தினர் கிண்ணத்தைத் தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்றனர். உலகில் இன்னும் வெறுமையாக உள்ள கிண்ணங்களை அது நினைவூட்ட வேண்டும் என்பதே நோக்கம். இன்று அம்முறை பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. உதவி பெறுபவராகவே நாட்களைக் கழிக்கும் நோயாளிக்கு, தம் கையால் பிறருக்கு உதவ இது ஒரு வழி.

மருத்துவமனைகளுக்கு மிகவும் ஏற்றது ஓட்டுச் சுவர். நோயாளி, உடனிருப்போர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் என யாவரும் ஆளுக்கொரு சதுர ஓடு செய்வர். 10 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் கனமும் உள்ள தகட்டில் இலை, கோலம், கைரேகை, சொந்த ஊர்ச் சின்னம் என விரும்பியதைப் பதிக்கலாம். பின்புறம் சில பள்ளங்கள் கீறினால் சுவரில் நன்கு பற்றும். இரு பலகைகளுக்கிடையே வைத்து மெதுவாக உலர்த்தினால் ஓரங்கள் வளையா. சுட்டபின் ஒவ்வோர் ஓடும் ஏறத்தாழ 9 முதல் 9.5 சென்டிமீட்டர் அளவாகச் சுருங்கும் என்பதைச் சுவரை அளக்கும்போதே கணக்கிட வேண்டும்.

நேர்த்தியான ஓடும் கோணலான ஓடும் அச்சுவரில் அடுத்தடுத்து நிற்கும். யாருடையதையும் விலக்காதிருப்பது இத்தகைய திட்டத்தின் முதல் விதி. பெயர் பொறிப்பதா வேண்டாவா என்பது செய்தவரின் விருப்பம். நோய் விவரத்தைப் பொதுவில் வைக்க யாரையும் வற்புறுத்தலாகாது. சுவர் எழும் நாளில் சிலர் குணமடைந்து வீடு திரும்பியிருப்பர். சிலர் நம்மிடையே இல்லாமலும் போயிருக்கலாம். நோய் முற்றியவர்களின் கைப்பதிவை ஓட்டில் எடுக்கும்போது, அதே அளவில் இன்னொன்றையும் எடுத்துக் குடும்பத்தினரிடம் தருவது நல்லது. விரல் அழுத்திய பள்ளம் சுட்டபின் மாறுவதில்லை. பின்னாளில் பேரப்பிள்ளை அதில் தன் விரலை வைத்துப் பார்க்க முடியும்.

வீட்டில் தொடங்க

அரைக் கிலோ பதப்படுத்திய களிமண், ஒரு மரப்பலகை, சப்பாத்திக் கட்டை, பழைய பருத்தித் துணி, ஒரு கிண்ணம் நீர், ஒரு குச்சி ஆகியவை போதும். கட்டையையும் பலகையையும் அதன்பின் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். மேசையின் உயரம் முழங்கை மடங்கும் உயரத்தில் இருக்கட்டும். முதல் நாள் இருபது நிமிடம் போதுமானது. மண் படிந்த நீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் செடிக்கு ஊற்றலாம்.

செய்த பொருளை வெயிலில் வைக்காமல் நிழலில் ஒரு வாரம் அல்லது பத்து நாள் உலர்த்துங்கள். சுடாத பாண்டம் நீரையும் எண்ணெயையும் தாங்காது. உங்கள் ஊரில் சூளை வைத்திருக்கும் குயவர் இருந்தால், உரிய கூலி கொடுத்துத் தம் பாண்டங்களோடு சேர்த்துச் சுட்டுத் தருமாறு கேட்கலாம். வாய்ப்பிருப்பின் அவரையே ஆசிரியராகவும் அமர்த்தலாம். தலைமுறை தலைமுறையாக மண்ணின் பதம் அறிந்தவர் அவர்.

களிமண் வேலையில் சேர விரும்புவோர் அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். என் இப்போதைய நிலையில் மண்ணைத் தொடலாமா? எவ்வசைவுகளைச் செய்யலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும்? ஒரு வேளைக்கு எவ்வளவு நேரம் அமரலாம்? விடையைக் குறித்துக்கொண்டு வந்து பயிற்றுநரிடம் காட்டுங்கள். முதல் அகல் ஒருபுறம் சாய்ந்தே நிற்கும். எண்ணெயும் திரியும் இட்டால் அதிலும் விளக்கு நன்றாகவே எரியும்.